இடம் சுட்டும் சொற்களின் வரலாறு: ஆங்கில முன்னிடைச்சொற்களும் கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலைப் பகுதியும்

முன்னுரை

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வது எந்த மொழியிலும் முதலில் கற்கும் செயல்களுள் ஒன்று. ஆனால் தமிழ் வழியில் படித்த மாணவர் ஆங்கிலம் எழுதும்போது அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். 'இன்', 'ஆன்', 'அட்' என்ற மூன்று சிறு சொற்களில் எதை எங்கே இடுவது என்பது பத்தாண்டு படித்த பிறகும் பலருக்கு ஐயமாகவே இருக்கிறது. இவற்றை ஆங்கில இலக்கணம் முன்னிடைச்சொற்கள் என்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னே நிற்பதால் அந்தப் பெயர். தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகளும், பெயருக்குப் பின்னே வரும் மேல், கீழ், உள், முன் போன்ற சொற்களும் செய்கின்றன.

இந்தத் தடுமாற்றத்துக்கு மாணவரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. இடத்தைப் பற்றிய இரண்டு வேறு பார்வைகள் இதில் மோதுகின்றன. அந்த மோதலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளியையும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நிலத்தின் அமைப்பு

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றாக இருந்தது கள்ளக்குறிச்சி. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் நெடுஞ்சாலை இதன் வழியே செல்கிறது.

மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கல்வராயன் மலை நிற்கிறது. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மலையை வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரண்டாகப் பிரித்துச் சொல்வர். முன்னது சராசரியாக 2,700 அடி உயரம், பின்னது 4,000 அடி உயரம். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்துக்குள் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிக்கு வெள்ளிமலை தலைமையிடம். மலையின் கிழக்குப் பக்கத்து நீர் கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் வழியே வெள்ளாற்றை அடைந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகே வங்கக் கடலில் சேர்கிறது.

ஆக, மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே சரிந்து இறங்கும் சமவெளி. இந்தச் சரிவைத் தமிழின் இடச்சொற்களிலும் காணலாம்.

மேலே மேற்கு, கீழே கிழக்கு

தமிழில் மேல் என்ற சொல்லிலிருந்து மேற்கும், கீழ் என்ற சொல்லிலிருந்து கிழக்கும் பிறந்தன. உயர்ந்த பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு. நிலம் மேற்கு மலைகளிலிருந்து கிழக்குக் கடலை நோக்கிச் சரியும் நாட்டில்தான் இப்படிப் பெயரிட முடியும்.

இதைக் கொண்டு ராபர்ட் கால்டுவெல் ஒரு வரலாற்று முடிவுக்கு வந்தார். 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் அவர் மலையாளத்தை எடுத்துக் காட்டுகிறார். கேரளத்தில் கிழக்கே மலை, மேற்கே கடல். அதன்படி கிழக்குத்தான் அங்கே உயர்ந்த பக்கம். ஆனாலும் மலையாளிகள் அத்திசையைக் கிழக்கு என்றே அழைக்கிறார்கள். மேற்குக்கு மட்டும் ஞாயிறு மறையும் திசை என்னும் பொருளில் படிஞ்ஞாறு என்கிறார்கள். மலைக்குக் கிழக்கே வழங்கிய சொல் மலையைக் கடந்து சென்றது என்பதற்கு இதை அவர் சான்றாகக் கொண்டார்.

இதே நிலையைக் கல்வராயன் மலையிலும் சிறு அளவில் காணலாம். சமவெளியிலிருந்து மேற்கே மலை ஏறுபவருக்குச் சொல்லும் நிலமும் ஒத்துப்போகின்றன. உச்சியைத் தாண்டி மேற்குச் சரிவில் நடப்பவரோ மேற்கு நோக்கிக் கீழே இறங்குகிறார். சொல் அப்படியே இருக்க, நிலம் மாறிவிடுகிறது.

ஊர்ப்பெயர்களிலும் இந்தத் திசைக் கணக்கு உண்டு. மேல்நாரியப்பனூர், கீழ்குப்பம், வடக்கனந்தல், தென்கீரனூர் ஆகியவை இம்மாவட்டத்து ஊர்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு, கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. எனவே, 'கோயிலுக்கு மேல்புறம் வீடு' என்ற தொடரைக் கோயிலின் கூரைக்கு மேலே வீடு என்று ஆங்கிலத்தில் ஆக்கினால் அது தவறு. கோயிலுக்கு மேற்கே வீடு என்பதே பொருள். ஆங்கிலத்தின் 'அபோவ்' என்ற சொல்லில் திசை இல்லை. தமிழின் மேல் என்ற சொல்லில் உயரமும் திசையும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தப் பகுதியின் பழைய பெயரும் ஓர் இடச்சொல்லே. சோழ மண்டலத்துக்கும் தொண்டை மண்டலத்துக்கும் இடையே இருந்ததால் இது நடுநாடு எனப்பட்டது. ஆங்கிலத்தில் 'பிட்வீன்' என்ற சொல் உணர்த்தும் உறவை ஒரு நாடே தன் பெயராகக் கொண்டிருந்தது.

இலக்கண நூல்கள் கண்ட இடங்கள்

தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையை இடப்பொருளுக்கு உரியதாக வைக்கிறது. அதன் உருபாகக் கண் என்பதைக் கூறி, இடத்தைக் குறிக்கும் வேறு சொற்களையும் அடுக்குகிறது. கண்ணையும் சேர்த்து அவை பத்தொன்பது. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பவணந்தி முனிவரின் நன்னூலில் இந்த எண்ணிக்கை இருபத்தெட்டாக உயர்கிறது.

இப்பட்டியல்களில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. கண், கால், தலை, வாய் ஆகியவை உடலின் உறுப்புகள். முன், பின், வலம், இடம் ஆகியவை உடலை வைத்து அறியப்படும் பக்கங்கள். அகம், புறம், இல் ஆகியவை வீட்டோடு தொடர்புடையவை. மனிதன் தன் உடலையும் வீட்டையும் அளவுகோலாக வைத்தே இடத்தைச் சொல்லத் தொடங்கினான் என்பதை இவை காட்டுகின்றன.

ஆங்கிலமும் இதே வழியில்தான் நடந்தது. 'பிஸைட்' என்ற சொல்லில் உடலின் பக்கம் இருக்கிறது. 'பிட்வீன்' என்ற சொல்லில் இரண்டு என்ற எண் ஒளிந்திருக்கிறது. 'இன் ஃப்ரண்ட்' என்ற தொடரில் உள்ள இரண்டாம் சொல், நெற்றியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் தமிழைப் போலவே வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறின. பிற்காலத்தில் அந்த ஈறுகள் தேய்ந்து மறைந்தன. அவை செய்த வேலையின் பெரும்பகுதி முன்னிடைச்சொற்களின் தலையில் விழுந்தது. அக்காலத்து எழுத்துகளில் 'ஆன்' என்ற ஒரே சொல், இன்று 'இன்' வரும் பல இடங்களிலும் வந்தது. உயிருடன் இருப்பதைக் குறிக்கும் 'அலைவ்' என்ற சொல்லின் முதலெழுத்து அந்தப் பழைய 'ஆன்' தேய்ந்த வடிவமே. ஆங்கிலம் பேசியவர்களே 'இன்', 'ஆன்' எல்லையைப் பல நூற்றாண்டுகளில்தான் வகுத்துக்கொண்டார்கள் என்பதைத் தமிழ் மாணவர் அறிவது நல்லது.

கல்வெட்டு எல்லையும் பத்திர எல்லையும்

இடத்தைச் சரியாகச் சொல்வது இலக்கணச் செய்தி மட்டுமன்று. நிலம் யாருடையது என்பதே அதில் அடங்கியிருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நிலக்கொடையைக் கூறும்போது நான்கு எல்லைகளையும் வரிசையாகச் சொல்லும். பெரும்பாலும் கீழ்பாற்கெல்லையில் தொடங்கித் தென்பால், மேல்பால், வடபால் என்று வலமாகச் சுற்றி வரும். பெண் யானையை நடத்தி எல்லை சுற்றியதையும், எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டதையும் செப்பேடுகள் குறிக்கின்றன.

அந்த வழக்கம் இன்றைய பத்திரங்களிலும் தொடர்கிறது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது, 'ஏரிக்கரைக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று எழுதுவது பழைய முறை. இதன் பொருள், விற்கப்படும் நிலம் ஏரிக்கரைக்கு வடக்கே இருக்கிறது என்பது. அதாவது ஏரிக்கரை அந்த நிலத்தின் தென் எல்லை. ஆங்கிலப் பத்திரத்தில் வழக்கமாக இது தலைகீழாக எழுதப்படும்: வடக்கில் இன்னது, தெற்கில் ஏரிக்கரை என்று நிலத்தை நடுவில் வைத்துச் சுற்றியுள்ளவற்றைச் சொல்வார்கள். தமிழில் உள்ள 'க்கு' என்ற ஓர் உருபைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தால் வடக்கு தெற்காகிவிடும். இத்தகைய பிழை நீதிமன்றம் வரை போகக்கூடியது.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அசையாச் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நகரத்து வீடுகளைத் தெருவின் வடபுறம் அல்லது வேறு புறத்தில் உள்ளது என்று தெருவின் பெயரோடு குறிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆங்கிலச் சட்டமும் இவ்வகையில் வலம் இடத்தை நம்பாமல் திசையையே நம்புகிறது. தெருவில் நிற்பவர் திரும்பினால் வலம் இடமாகும். வடக்கு எப்போதும் வடக்கே.

ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்கள்

ஆங்கில முன்னிடைச்சொற்களும் தமிழ் இடச்சொற்களும் அருகருகே வைக்கப்பட்டது ஐரோப்பியர் தமிழ் கற்கத் தொடங்கிய பிறகுதான். 1716இல் சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பாப்ரிசியசின் தமிழ்–ஆங்கில அகராதி சென்னை வேப்பேரியில் அச்சாகிவிட்டது. 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியபின், நிர்வாகத்துக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்கள் தமிழை முறையாகப் படித்தனர். வருவாய்க் கணக்கும் நில வழக்கும் அவர்கள் கையில் இருந்ததால், எல்லையைக் குறிக்கும் சொற்கள் அவர்களுக்கு அன்றாடத் தேவை.

திராவிட மொழிகளில் இச்சொற்கள் பெயருக்குப் பின்னே வருகின்றன என்பதை, இந்தோ–ஐரோப்பிய மொழிகளிலிருந்து இவற்றைப் பிரிக்கும் அடையாளங்களுள் ஒன்றாகவே கால்டுவெல் எடுத்துக் காட்டினார். 1891இல் வெளிவந்த ஆர்டனின் தமிழ் இலக்கணம் போன்ற நூல்கள், எந்தச் சொல் எந்த உருபுக்குப் பின் வரும் என்பதை விளக்கின.

இந்த உருபு வேறுபாடு மிக முக்கியமானது. தமிழில் 'மேல்' என்ற ஒரே சொல் ஆங்கிலத்தின் 'ஆன்', 'ஓவர்', 'அபோவ்' மூன்றையும் குழப்புகிறது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் பின்வரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மலையின் மேல் கோயில் இருக்கிறது.
மலைக்கு மேல் மேகம் இருக்கிறது.

முதல் தொடரில் கோயில் மலையைத் தொட்டு நிற்கிறது. இங்கே ஆங்கிலம் 'ஆன்' என்னும். இரண்டாவதில் மேகம் மலையைத் தொடாமல் உயரே நிற்கிறது. இங்கே ஆங்கிலம் 'அபோவ்' அல்லது 'ஓவர்' என்னும். தமிழ் இந்த வேறுபாட்டை அறியாமல் இல்லை. ஆங்கிலம் தனிச்சொல்லால் காட்டுவதைத் தமிழ் உருபால் காட்டுகிறது. இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால், மாணவர் புதிதாக ஒன்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமக்கு ஏற்கெனவே தெரிந்ததை வேறு சொல்லில் சொன்னால் போதும்.

உண்மையான சிக்கல் 'இல்' உருபில்தான் இருக்கிறது. பெட்டியில் துணி, சுவரில் படம், வாசலில் நாய் என்ற மூன்றுக்கும் தமிழ் ஒரே உருபைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் முதலாவதை உள்ளடங்கிய இடமாகக் கருதி 'இன்' என்றும், இரண்டாவதைப் பரப்பாகக் கருதி 'ஆன்' என்றும், மூன்றாவதைப் புள்ளியாகக் கருதி 'அட்' என்றும் பிரிக்கிறது. ஆங்கில 'இன்' என்பதும் தமிழ் 'இன்' உருபும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல். இரண்டுக்கும் உறவில்லை.

ஊரின் அளவும் 'அட்' என்ற சொல்லும்

ஆங்கில இலக்கண நூல்கள் பிரித்தானியாவில் பெருகியது 18ஆம் நூற்றாண்டில். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம் அவற்றுள் மிகப் பரவலாக விற்றது. அதில் ஒரு விதி உண்டு. நாடுகளுக்கும் பெரிய நகரங்களுக்கும் 'இன்' இட வேண்டும். சிற்றூர்களுக்கும் தனி வீடுகளுக்கும் 'அட்' இட வேண்டும். தொலைதூர நாடுகளில் உள்ள நகரங்களுக்கும் 'அட்' என்பதே பொருந்தும்.

இந்த விதியின் கடைசிப் பகுதி சிந்திக்கத்தக்கது. ஒரு நகரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இங்கிலாந்திலிருந்து தொலைவில் இருந்தால் அது வெறும் புள்ளி. விதியை எழுதியவர் எங்கே நின்றுகொண்டு உலகைப் பார்த்தார் என்பது இதில் தெரிகிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது ஊர் புள்ளியாகத் தெரியும். உள்ளே நிற்பவருக்கு அதே ஊர் தெருக்களும் வயல்களும் கொண்ட பரப்பு.

1835இல் மெக்காலேயின் கல்விக் குறிப்பு, 1854இல் வுட்டின் அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் என ஆங்கிலக் கல்வி வளர்ந்தபோது, ஆங்கில இலக்கண விதிகளும் மாணவர்களிடம் வந்து சேர்ந்தன. தொலைதூர நகரம் பற்றிய பகுதி காலப்போக்கில் கைவிடப்பட்டது. ஆனால் பெரிய ஊருக்கு 'இன்', சிற்றூருக்கு 'அட்' என்ற பகுதி, இந்தியப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பயன்படும் ரென் – மார்ட்டின் இலக்கணத்திலும் இடம்பெற்றது. அதன்படி சென்னையில் வாழ்பவர் 'இன்' எழுதுவார். வெள்ளிமலையில் வாழ்பவர் தம் சொந்த ஊருக்கே 'அட்' எழுதுவார்.

இன்றைய ஆங்கிலம் இந்த விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. ஊர் சிறியதா பெரியதா என்பதைவிட, பேசுபவர் அதைப் பரப்பாகக் கருதுகிறாரா, பயணத்தில் ஒரு புள்ளியாகக் கருதுகிறாரா என்பதே முக்கியம். வெள்ளிமலையில் வாழ்கிறேன் என்பதற்கு 'இன்' சரி. பேருந்து வெள்ளிமலையில் நிற்கும் என்பதற்கு 'அட்' சரி. ஊரின் பெருமையோ சிறுமையோ இதில் இல்லை.

மேசை மேல் புத்தகம்: வகுப்பறையின் வரலாறு

விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை மாறியது. இலக்கண விதியையும் மொழிபெயர்ப்பையும் முதலில் வைக்கும் பழைய முறைக்கு மாற்றாக, 1950களில் அமைப்பு முறை எனப்பட்ட பயிற்றுமுறை வந்தது. தொடர்களின் அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, கண்முன் உள்ள பொருள்களைக் காட்டிச் சொல்லவைப்பது இதன் வழி. புத்தகம், மேசை, பெட்டி, நாற்காலி ஆகியவை வகுப்பறையிலேயே இருந்ததால், இடம் காட்டும் முன்னிடைச்சொற்கள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை. ஆசிரியர் புத்தகத்தை மேசை மேல் வைப்பார், பெட்டிக்குள் வைப்பார், நாற்காலிக்கு அடியில் வைப்பார். மாணவர் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்வர்.

1950களின் இறுதியில், தொடக்க நிலை ஆங்கில ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு இம்முறையில் மறுபயிற்சி அளிக்கும் பெரிய முயற்சி சென்னை மாநிலத்தில் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் அடுத்தவர்களுக்குப் பயிற்சி அளிக்க, உருளும் பனிப்பந்து போல எண்ணிக்கை பெருக வேண்டும் என்பது திட்டம். ஆகவே அதற்குச் சென்னைப் பனிப்பந்து என்றே பெயர் வந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளின் வரலாற்றில் இன்றும் பேசப்படும் முயற்சி அது.

இம்முறையின் வலிமை, பொருளைக் கண்ணால் கண்டு சொல்லைக் கற்பது. அதன் குறை, உலகம் வகுப்பறை மேசையோடு முடிந்துவிடுவது. மேசை மேல் புத்தகத்துக்கு 'ஆன்' என்று கற்ற மாணவர், திருக்கோவிலூர் பெண்ணையாற்றின் 'ஆன்' இருக்கிறது என்று ஆங்கிலத்தில் படித்தால் ஊர் தண்ணீரின் மேல் மிதக்கிறதோ என்று திகைப்பார். உண்மையில் ஆற்றங்கரையில் உள்ள ஊருக்கு ஆங்கிலம் 'ஆன்' என்றே சொல்லும். ஆற்றைக் கோடாகக் கருதி, ஊர் அந்தக் கோட்டைத் தொட்டு நிற்பதாக அது பார்க்கிறது. அதே திருக்கோவிலூரில் ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றுக்கு 'இன்' வரும். தென்கரையில் உள்ள திருக்கோவிலூரிலிருந்து வடகரையில் உள்ள அரகண்டநல்லூரைச் சொல்ல 'அக்ராஸ்' வரும். ஓர் ஆறு, மூன்று இடங்கள், மூன்று சொற்கள். இதைவிட நல்ல பாடம் மேசையில் கிடைக்காது.

1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்களின் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய ஆய்வுத் திட்டம் வேறு வழியில் சென்றது. மாணவருக்கு வரைபடம், தொடர்வண்டி அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, வழி கண்டுபிடிக்கும் பணிகளைச் செய்யவைத்தார். பொருளை விளங்கிக்கொள்ளும் முயற்சியிலேயே இலக்கணம் படியும் என்பது அவர் கருத்து.

நிலமும் மனமும்: உலகச் சான்றுகள்

1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ் பேசுவோரிடையே ஆய்வு நடத்தினார். நகரத்தார் பொருள்களின் இருப்பைச் சொல்லும்போது வலம், இடம் ஆகியவற்றையும், கிராமத்தார் கிழக்கு, மேற்கு ஆகியவற்றையும் விரும்பிப் பயன்படுத்தும் போக்கை அவர் கண்டார். ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு பழக்கங்கள் இருப்பது ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. தட்டுக்குக் கிழக்கே தம்ளர் இருக்கிறது என்று சொல்லும் பாட்டியை நம்மில் பலர் அறிவோம்.

மெக்சிகோவின் மலைப்பகுதியில் சேல்தால் மொழி பேசும் டெனெஹாபா மக்கள் மேட்டுப்பக்கம், இறக்கப்பக்கம் என்றே திசை சொல்வதைப் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் பதிவு செய்தனர். அங்கே நிலம் வடக்கு நோக்கிச் சரிவதால் மேட்டுப்பக்கம் என்பது தெற்கு. சமதளமான மேசையில் உள்ள பொருளுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தமிழின் மேல், கீழ் திசைச்சொற்களுக்கு இது நெருங்கிய உறவு.

சட்டத்தில் ஒரு சிறு சொல்

முன்னிடைச்சொல் மக்களின் வாழ்வைத் தொடும் இடம் ஒன்று உண்டு. கல்வராயன் மலையில் பழங்குடியினரான மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனப்பட்ட ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1970களில்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே சாதாரணக் கேள்வி அன்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினர் யார் என்று வரையறுக்கிறது. காட்டில் முதன்மையாக வசிப்பவராகவும் வாழ்வாதாரத்துக்குக் காட்டைச் சார்ந்திருப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கில மூலத்தில் வசிப்பதற்கு 'இன்' என்ற சொல்லும், சார்ந்திருப்பதற்கு 'ஆன்' என்ற சொல்லும் வருகின்றன. இங்கேதான் கேள்வி எழுந்தது. வீடு காட்டுக்கு வெளியே, பயிர் செய்யும் நிலம் காட்டுக்குள் என்று இருப்பவர் 'இன்' என்ற சொல்லுக்குள் வருவாரா?

2008 ஜூன் மாதம் ஒன்றிய பழங்குடியினர் நல அமைச்சகம் இதற்கு விளக்கம் அளித்தது. வீடு காட்டுக்கு வெளியே இருந்தாலும், காட்டில் பயிர் செய்து அங்கேயே பெரும்பொழுதைக் கழிப்பவர் அந்த வரையறைக்குள் வருவார் என்பது அதன் பொருள். ஈரெழுத்துச் சொல்லைச் சுவருக்குள் சுருக்கிப் படித்தால் உரிமை போகும், வாழ்வின் பரப்பாக விரித்துப் படித்தால் உரிமை நிற்கும். உரிமையை நிறுவ ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும், வீடு, வரப்பு, தடுப்பணை போன்ற நிலத்தில் காணும் அடையாளங்களும் சான்றாக ஏற்கப்படும் என்று அச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. எது எங்கே இருக்கிறது என்று ஒரு முதியவர் சரியாகச் சொல்வதும், அதை எழுதுபவர் மொழி பிசகாமல் எழுதுவதும் அங்கே நிலத்தைக் காக்கும் செயல்கள்.

மாணவர்க்கு உதவும் வழி

இந்த வரலாற்றிலிருந்து மாணவர் சில எளிய முறைகளைப் பெறலாம்.

முதலாவது, தமிழில் 'இல்' வரும்போது அந்த இடம் உள்ளடங்கியதா, பரப்பா, புள்ளியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முறையே 'இன்', 'ஆன்', 'அட்' வரும்.

இரண்டாவது, 'மேல்' வரும்போது அதற்கு முன் 'க்கு' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பெரும்பாலும் 'அபோவ்' அல்லது 'ஓவர்'. இல்லாவிட்டால் 'ஆன்'. மேல்புறம், மேலத்தெரு என்று திசையாக வந்தால் மேற்கு.

மூன்றாவது, திசை எழுதும்போது உள்ளா, ஒட்டியா, அப்பாலா என்று பிரிக்க வேண்டும். வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது. இதற்கு 'இன்'. மாவட்டத்தின் மேற்கு எல்லையை ஒட்டிச் சேலம் மாவட்டம் உள்ளது. இதற்கு 'ஆன்'. தொலைவில் கோயம்புத்தூர் மேற்கே உள்ளது. இதற்கு 'டு'. இந்த மூன்றையும் தன் மாவட்ட வரைபடத்தில் தானே வரைந்து பார்த்தவர் மறக்கமாட்டார்.

முடிவுரை

இடச்சொற்கள் மொழியில் மிகச் சிறியவை. ஆனால் அவற்றில் நிலத்தின் சரிவும், மனித உடலும், எல்லைக் கல்லும், ஆட்சியாளரின் பார்வையும் படிந்திருக்கின்றன. தமிழ் மாணவர் ஆங்கில முன்னிடைச்சொல்லில் பிழை செய்யும்போது, பெரும்பாலும் அவர் தமிழில் சரியாக எண்ணி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அந்தப் பிழையைத் திருத்தும் ஆசிரியர், தமிழ் அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர் இரண்டு மொழிகளையும் தெளிவாக அறிவார். கல்வராயன் மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவருக்கும், சமவெளியில் கள்ளக்குறிச்சியில் படிக்கும் மாணவருக்கும் இது ஒருசேரப் பொருந்தும். தன் ஊர் எங்கே இருக்கிறது என்று இரண்டு மொழிகளிலும் பிழையின்றி எழுதத் தெரிந்தவர், தன் நிலத்தின் பத்திரத்தையும் படித்துப் புரிந்துகொள்வார்.